தாழ்வாரத்தில் ஒரு காற்று ரீல்

நெடுஞ்சாலையோரம் எந்தப் பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தினாலும் முதலில் காலில் தட்டுப்படுவது காற்று ஓஸ்தான். லாரி டயர் ஏறி இறங்கிய தடம், டீசல் கறை, செம்மண், வெடித்த இடத்தில் பழைய ட்யூப்பைக் கிழித்துச் சுற்றிய கட்டு என்று அது பட்ட பாடெல்லாம் அதன் மேலேயே தெரியும். கம்ப்ரஸர் கடைக்குள் இருக்கிறது, வண்டி வெளியில் நிற்கிறது. இடையிலிருக்கும் பத்துப் பதினைந்து மீட்டரை இந்த ஓஸ் கடக்க வேண்டும். ஒரு வண்டி போனதும் அடுத்த வண்டி வந்துவிடுவதால் அதைச் சுருட்டி வைக்க யாருக்கும் கை ஒழிவதில்லை.

இழுத்தால் நீண்டு, வேலை முடிந்து விட்டால் தானே சுருண்டுகொள்ளும் ரீல் இந்தத் தொல்லைக்கு நல்ல மாற்று. பெரிய டயர் கடைகளும் கார் ஒர்க்‌ஷாப்புகளும் அதற்கு மாறிவிட்டன. பெட்ரோல் பங்க்குகளும் மாறிவருகின்றன. வாடிக்கையாளருக்கு இலவசமாகக் காற்று தரவேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்கள் பங்க்குகளுக்கு வகுத்திருக்கும் ஒழுங்கு விதிகளில் ஒன்று. அதனால் அங்கே காற்று ஓஸ் நாள் முழுக்க வேலை செய்கிறது. சிக்கல் என்னவென்றால், சந்தையில் கிடைக்கும் ரீல்களில் பெரும்பாலானவை கூரைக்கடியில், நான்கு சுவருக்குள் மாட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. நம் ஊரிலோ லாரி கடைக்குள் வராது. ரீல்தான் வெளியே போகவேண்டும்.

வெளியில் மாட்டலாமா, மாட்டினால் எந்தச் சுவரில், எதைக் கொண்டு மூடுவது, கடலோரத்தில் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும் எண்ணம் எனக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, அலையோசை கேட்கும் தூரத்தில் என் மாமா வாட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தார். நல்ல விலை கொடுத்து ஸ்பிரிங் ரீல் ஒன்று வாங்கி வாசல் தூணில் மாட்டினார். மழை படக்கூடாது என்று தடித்த கறுப்பு பாலிதீன் தாளால் சுற்றிக் கட்டினார். இரண்டாவது ஐப்பசி தாண்டவில்லை, உள்ளே ஸ்பிரிங் முறிந்துவிட்டது. "மழைத்தண்ணி ஒரு சொட்டு உள்ள போகலைடா மாப்ளே, அப்புறம் எப்படித் துருப்பிடிச்சுது?" என்று கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. மழையை மட்டுமே அவர் எதிரியாக நினைத்திருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது.

ரீல் ஒரே பொருள்போலத் தெரிந்தாலும் நான்கைந்து வெவ்வேறு பொருள்களின் கூட்டு. ஓஸ் ரப்பர் அல்லது பிளாஸ்டிக். உருளையும் சட்டமும் பெயின்ட் பூசிய இரும்பு அல்லது அலுமினியம். உள்ளே கடிகாரத்தில் இருப்பதுபோலப் பட்டையாகச் சுருட்டிய உயர்கரிம எஃகு ஸ்பிரிங். நிலையாக நிற்கும் குழாயையும் சுழலும் உருளையையும் இணைக்கும் பித்தளை ஸ்விவலும் அதற்குள் ஒரு ரப்பர் வளையமும். இழுத்த இடத்தில் ஓஸை நிறுத்தும் பல்லும் கொக்கியும். வாயில் நான்கு உருளிகள். ரப்பரைக் கெடுப்பது வெயில், எஃகைக் கெடுப்பது உப்பும் ஈரமும், ஸ்விவலைக் கெடுப்பது உள்ளிருந்து வரும் தண்ணீர். ஒன்றைக் காப்பாற்றச் செய்வது மற்றொன்றைக் கொல்லவும் கூடும். கேள்வியின் கடினம் இங்கேதான்.

முதலில் ஓஸ். ரப்பர் வெயிலில் வெடிக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் கறுப்பு ரப்பரில் கலந்திருக்கும் கரித்தூள் புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. வெடிப்புக்கு முதற்காரணம் காற்றில் கலந்திருக்கும் ஓசோன். நூறு கோடிப் பங்கு காற்றில் சில பத்துப் பங்குதான் அது இருக்கும். இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியை அறுக்க அவ்வளவே போதும். வண்டிப் புகையும் கடும் வெயிலும் சேரும் பிற்பகலில் இதன் அளவு கூடுகிறது. அதாவது பஞ்சர் கடை வாசலில். பக்கத்தில் வெல்டிங் நடந்தால் அந்த மின்வில்லும் ஓசோனை உண்டாக்கும். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் ரீலை வெல்டிங் இடத்தை விட்டுத் தள்ளி மாட்டவேண்டும் என்பதற்கு நெருப்பு மட்டும் காரணமல்ல.

ஓசோன் எந்த ரப்பரையும் கண்டபடி வெடிக்க வைப்பதில்லை. ரப்பர் இழுபட்ட நிலையில் இருக்கவேண்டும். இழுவிசையே இல்லாத ரப்பரில் வெடிப்பு விழாது. ரீலைப் பற்றி யோசிக்கும்போது இதைவிட முக்கியமான செய்தி வேறில்லை என்பேன். ஏனென்றால் ரீலில் சுருண்டிருக்கும் ஓஸின் வெளிப்புறம் எப்போதும் இழுபட்டே இருக்கிறது. வெளிவிட்டம் 16 மில்லிமீட்டர் உள்ள ஓஸை 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள உருளையில் சுற்றினால் அதன் வெளிப்புறம் ஏறத்தாழ 7 சதவீதம் நீள்கிறது. உருளையின் ஆரம் இருமடங்கானால் இது 4 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கைக்கடக்கமாக இருக்கிறது என்று சின்ன உருளை ரீலை வாங்கி வெளியில் மாட்டுபவர்கள் ஓஸின் ஆயுளை வாங்கும்போதே குறைத்துவிடுகிறார்கள். வெடிப்பு ஓஸின் குறுக்கே விழும். நிறைய நுண்கோடுகள் தெரிந்தால் அது மேலோட்டமானதாக இருக்கலாம். தனித்தனியாக, ஆழமாக நாலைந்து விழுந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இதைத் தடுக்க ரப்பரில் மெழுகு கலக்கிறார்கள். அது மெல்ல மேற்பரப்புக்கு வந்து படலமாகப் படிந்து காவல் நிற்கும். கிடக்கும் பொருளுக்கு இது சரி. ஆனால் ரீலில் ஓஸ் ஒரு நாளைக்கு ஐம்பது முறை வளைந்து நிமிர்கிறது. ஒவ்வொரு வளைவிலும் மெழுகுப் படலம் உடைகிறது. எனவே வெளியில் மாட்டும் ரீலுக்கு ஓசோனைத் தானே தாங்கும் ரப்பர்தான் வேண்டும். இ.பி.டி.எம். என்ற ரப்பர் வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும். எண்ணெய் பட்டால் உப்பிவிடும். நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்கும், ஓசோனைத் தாங்காது. நைட்ரைலோடு பி.வி.சி. கலந்த மேலுறை இரண்டையும் ஓரளவு தாங்குகிறது. எண்ணெயும் கிரீஸும் புழங்கும் லாரிக் கடைக்கு இதைத்தான் நான் சொல்வேன். விலை குறைவென்று வாங்கும் பி.வி.சி. ஓஸ் புதிதில் மெத்தென்று இருக்கும். வெயிலில் அதன் மென்மையூட்டி வெளியேறியதும் குச்சிபோல விறைத்துவிடும், ரீல் அதைச் சுருட்டத் திணறும். போதாததற்கு, பிளாஸ்டிக் ஓஸில் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு சாதாரண அறை வெப்பத்துக்கானது. கத்திரி வெயிலில் ஓஸ் தொட்டால் சுடும் அளவுக்குக் காய்ந்திருக்கும்போது அந்தத் தாங்குதிறன் வெகுவாகக் குறைந்திருக்கும். நீல நிறத்தில் வரும் பாலியூரிதேன் குழாய் இலகுவானது, கைக்கு இதமானது. அதில் எஸ்டர் வகை, ஈதர் வகை என்று இரண்டுண்டு. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் காற்றில் எஸ்டர் வகை நீரால் சிதைந்து பொடிந்துபோகும். கேட்டு வாங்கினால் ஈதர் வகை கிடைக்கும், கேட்பவர்கள்தான் குறைவு.

அப்படியானால் நிழலில் மாட்டவேண்டும். எந்த நிழலில்? இங்கே பலரும் ஒரு தவறான கணக்கை வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் சூரியன் எப்போதும் தெற்குச் சாய்வாகவே உச்சியைக் கடப்பதால் அங்கே வடக்குச் சுவர்தான் நிழற்சுவர். அங்கிருந்து வரும் கையேடுகள் அதைத்தான் சொல்லும். தமிழ்நாடு கடகரேகைக்குத் தெற்கே இருக்கிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதிவரை சூரியன் நாள் முழுவதும் வடபுறத்திலேயே நகர்கிறது. உதிப்பது வடகிழக்கில், மறைவது வடமேற்கில், உச்சியில் இருக்கும்போதும் தலைக்குச் சற்று வடக்கே. கன்னியாகுமரியில் இந்தக் காலம் இன்னும் நீளம், ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆக, அக்னி நட்சத்திரம் கொளுத்தும் நாட்களில் வடக்குச் சுவரில் வெயில் விழுகிறது. தெற்குச் சுவரில் நேர் வெயில் கொஞ்சமும் விழுவதில்லை!

தெற்குச் சுவரில் வெயில் நன்றாக விழுவது புரட்டாசிக்குப் பிறகு. ஐப்பசி, கார்த்திகையில் வானம் பெரும்பாலும் மூடியிருக்கும். மாசியில் வெயில் ஏறும்போதும் நண்பகலில் சூரியன் செங்குத்துக்கு நெருங்கி இருப்பதால் இரண்டடி நீட்டிய சன்ஷேடு சுவரில் நான்கடி உயரத்துக்கு நிழல் தந்துவிடும். இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியைத் தரும் வடகிழக்குப் பருவக்காற்று வடக்கு, கிழக்குச் சுவர்களில்தான் சாரலை அறைகிறது. கட்டடமே மறைத்துக்கொள்வதால் தெற்குச் சுவர் தப்புகிறது. குமரி மாவட்டத்திலும் தென்காசி, பொள்ளாச்சிப் பக்கமும் கணக்கை மாற்றிப் போடவேண்டும். அங்கே ஆடிச் சாரல் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும்.

எந்த ஊரானாலும் ஒதுக்கவேண்டியது மேற்குச் சுவர். காலையிலிருந்து காய்ந்த காற்றும் சாய்வெயிலும் ஒன்றாகச் சேர்ந்து தாக்கும் இடம் அது. சன்ஷேடும் அங்கே பயன்படாது. பிற்பகல் மூன்று மணிக்குச் சூரியன் ஏறத்தாழ 45 பாகையில் இருக்கும்போது இரண்டடி சன்ஷேடு இரண்டடிக்கு நிழல் தரும். நாலரை மணிக்கு அது ஓரடிக்குள் சுருங்கிவிடும். கடை மேற்குப் பார்த்த வாசலாக அமைந்து வேறு வழியே இல்லையென்றால் மேலே கூரையை நீட்டுவதைவிடப் பக்கவாட்டில் ஒரு தகரத்தையோ தட்டியையோ நிறுத்துவது மேல்.

இனி உலோகம். காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை அந்த ஊரில் சிக்ரி என்றால்தான் தெரியும். அந்த ஆய்வகம் மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை உப்புக்காற்றில் நிறுத்திவைத்து அரிப்பை அளந்து வந்திருக்கிறது. அருகிலேயே பாம்பன் பாலம். 1914-இல் திறந்த பழைய பாலத்தின் பராமரிப்பு வரலாறு முழுவதுமே துருவோடு நடந்த சண்டைதான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருவேறா எஃகுக் கம்பியும் சிறப்புப் பூச்சும் தேவைப்பட்டன. ரயில் பாலத்துக்கே இந்தப் பாடு என்றால் ரீலுக்குள் இருக்கும் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கும் குறைவான ஸ்பிரிங் பட்டைக்கு என்ன கதி என்று நினைத்துப் பாருங்கள். எஃகுப் பட்டையில் ஒரு சிறு துருக்குழி விழுந்தால் போதும். ஒவ்வொரு இழுப்பிலும் விசை அந்தக் குழியில் குவிந்து ஒருநாள் அங்கேயே முறியும்.

உப்பு எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் மாமாவின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் கொண்டல் காற்று கரைக்குள் கொண்டுவருகிறது. பெரும்பகுதி முதல் சில நூறு மீட்டருக்குள் படிந்துவிடும். படிந்த உப்பு சும்மா இருப்பதில்லை. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித் தானே தண்ணீராகிறது. சமையலுப்புக்கு அதற்குக் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் வேண்டும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நாகப்பட்டினத்தில் நடுப்பகலிலும் அதற்குக் கீழே ஈரப்பதம் இறங்குவது அரிது. அதாவது மழையே பெய்யாவிட்டாலும் உப்புப் படிந்த இரும்பு எப்போதும் நனைந்துதான் இருக்கிறது. மாமாவின் ரீலுக்குள் ஒரு சொட்டு மழைநீர் போகவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். பாலிதீன் தாளைக் கட்டும்போதும் அவிழ்க்கும்போதும் உப்புக்காற்று போயிருக்கும். போன ஈரம் வெளியே வரமுடியாமல் உள்ளேயே வியர்த்திருக்கும்.

இன்னும் ஒரு முரண். கடலோரத்தில் மழைபடும் இரும்பைவிட மழைபடாத அடிப்பக்கம் சீக்கிரம் அரிக்கிறது. மழை உப்பைக் கழுவிவிடுகிறது, கூரைக்கடியில் உப்பு படிந்துகொண்டே போகிறது. ஓஸுக்கு நன்மை செய்யும் நிழல் உலோகத்துக்கு இப்படிக் கேடு செய்கிறது. கடற்கரையில் ரீலைத் தாழ்வாரத்தில் மாட்டுபவர் மழை செய்யும் வேலையைத் தாமே செய்யவேண்டும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவிக் காயவிடவேண்டும். வாட்டர் சர்வீஸ் கடைக்காரர்கள் கையிலிருக்கும் பிரஷர் கன்னை நீட்டிவிடுவார்கள். அது கூடாது. அந்த வேகம் உப்புத் தண்ணீரைத் தாங்கு உருளைக்குள்ளும் ஸ்பிரிங் பெட்டிக்குள்ளும் தள்ளிவிடும். போர்வெல் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதுவும் உதவாது.

போல்ட், நட்டு விஷயத்தில் பளபளப்பைப் பார்த்து ஏமாறக்கூடாது. கடையில் வெள்ளிபோல மின்னும் போல்ட் மின்முலாம் பூசியது. அதன் துத்தநாகப் படலம் 5 முதல் 12 மைக்ரான்தான். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த போல்ட் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருக்கும், படலம் 40 மைக்ரானுக்குக் குறையாது. உள்நாட்டு ஊர்களுக்கு இதுவே தாராளம். கடலோரத்துக்குத் துருவேறா எஃகில் 316 என்ற வகை. 304-இல் இல்லாத மாலிப்டினம் இதில் 2 முதல் 3 சதவீதம் இருப்பதால் உப்பைத் தாங்குகிறது. உலோகங்களைக் கலக்கும்போது ஒரு விதியை மறக்கக்கூடாது. பெரிய துருவேறா எஃகுத் தகட்டைச் சின்ன இரும்பு போல்ட்டால் மாட்டினால் அந்த போல்ட் வேகமாகக் கரைந்துபோகும். பெரிய இரும்புத் தகட்டில் சின்னத் துருவேறா எஃகு போல்ட் போட்டால் பெரிய பாதகமில்லை. அலுமினிய உடல் கொண்ட ரீலுக்கு நடுவே நைலான் வாஷர் கட்டாயம்.

இவ்வளவும் வெளியிலிருந்து வரும் தொல்லை. உள்ளிருந்து வருவதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. முப்பது பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியை ஏந்தும். ஈரப்பதம் 80 சதவீதமாக இருக்கும் நாளில் 24 கிராம் இருக்கிறது என்று கொள்வோம். லாரி டயருக்கு வேண்டிய 120 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் கொண்டுபோக ஒன்பது கன மீட்டர் காற்றை ஒரு கன மீட்டருக்குள் அடைக்கிறோம். உள்ளே வந்தது 216 கிராம் நீர். ஆறிய பிறகு அந்த ஒரு கன மீட்டரால் ஏந்தமுடிவது 30 கிராம்தான். மிச்சம் ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர், டேங்கிலும் குழாயிலும் ஓஸிலும் எங்காவது படிந்தாகவேண்டும். இரவில் முதலில் குளிர்வது வெளியில் தொங்கும் ரீல் என்பதால் நீர் அங்கேதான் சேரும். ஸ்விவலின் ரப்பர் வளையம் கெடுவதும், காலையில் முதல் டயருக்குக் காற்றோடு துருத்தண்ணீர் பீச்சியடிப்பதும் இதனால்தான்.

இதற்கு மருந்து குழாய் போடும் விதத்தில் இருக்கிறது. கம்ப்ரஸரிலிருந்து வரும் ஜி.ஐ. பைப் நூறுக்கு ஒன்று என்ற அளவிலாவது சரிந்து, தாழ்ந்த முனையில் ஒரு வடிகால் வால்வோடு முடியவேண்டும். ரீலுக்குப் போகும் கிளையைப் பைப்பின் அடியிலிருந்து எடுக்காமல் மேலிருந்து எடுத்து, அன்னத்தின் கழுத்துபோல வளைத்து இறக்கவேண்டும். அப்போது நீர் பெரிய பைப்பிலேயே தங்கி வடிகாலுக்குப் போகும். ரீலுக்கு முன்னால் ஒரு ஃபில்டர். இத்தனையும் செய்துவிட்டு டேங்கின் அடியிலிருக்கும் வால்வை நாள்தோறும் திறக்காமல் விட்டால் பலனில்லை. ஊட்டியில் மார்கழி, தைப் பனியில் வெப்பம் உறைநிலைக்கு இறங்கும் இரவுகளுண்டு. அங்கே இந்த நீர் வால்வுக்குள் உறைந்து காலையில் காற்றே வராமல் செய்யும், சமயத்தில் ஃபில்டர் கிண்ணத்தையும் பிளக்கும். அங்கே இரவில் ஓஸைக் காலியாக வைப்பது கட்டாயம். சமவெளியில் அது நல்ல பழக்கம்.

மூடும் கேள்விக்கு வருகிறேன். இதில் மூன்று கட்சிகள் இருக்கின்றன. தகரப் பெட்டி செய்து கதவு போட்டுப் பூட்டவேண்டும் என்பது ஒன்று. திருட்டுக்கு அது நல்ல காப்பு, சந்தேகமில்லை. ஆனால் வெயிலில் காயும் மூடிய பெட்டிக்குள் பகலில் அனல், இரவில் வியர்வை. ஓஸும் துன்பப்படும், ஸ்பிரிங்கும் துன்பப்படும். தார்ப்பாயோ பாலிதீன் தாளோ சுற்றுவது இரண்டாவது. மாமா செய்தது. மூன்றாவது, மேலே கூரை, பக்கம் திறப்பு. நான் மூன்றாவது கட்சி. கிராமத்து வீடுகளில் ஏரும் கமலைக் கயிறும் தாழ்வாரத்தில் தொங்கியதை நினைத்துப் பாருங்கள். யாரும் அவற்றைப் பெட்டியில் பூட்டவில்லை. நனையாமல், காயாமல், காற்றோட்டத்தில் இருந்தன. இரும்புக்கும் ரப்பருக்கும் வேண்டியது அதுவேதான். பூட்டியே ஆகவேண்டிய இடத்தில் பெட்டியின் அடித்தகட்டை முழுவதும் துளையிட்டு, பக்கங்களில் மழை புகாத சாய்பட்டைகள் வைத்து, சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி விட்டால் போதும். வெளியே வெள்ளை பெயின்ட் அடிக்கவேண்டும். உறை போட்டாகவேண்டுமென்றால் மூச்சுவிடும் கித்தான் துணி, அடிப்பக்கம் திறந்தபடி.

டிஜிட்டல் காற்று இயந்திரம் சேர்ந்து வரும் இடங்களில் அதன் மேல் ஐ.பி. 65 என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி வெளியில் வைக்கலாம் என்பார்கள். 6 தூசியையும் 5 நீர்ப்பீச்சலையும் குறிக்கிறது. வெயிலைப் பற்றியோ உப்பைப் பற்றியோ அந்த எண் எதுவும் சொல்லவில்லை.

மாட்டும் வேலையில் பலரும் ரீலின் எடையை மட்டும் பார்க்கிறார்கள். பதினைந்து மீட்டர் ரப்பர் ஓஸோடு பதினைந்து, இருபது கிலோ வரும், நாலு ஸ்க்ரூ தாங்காதா என்பார்கள். சுவர் தாங்கவேண்டியது எடையை அல்ல, இழுப்பை. கொக்கி சிக்கி ஓஸ் வராதபோது ஒரு ஆள் உடம்பின் முழு பலத்தோடு வெட்டி இழுப்பார். செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் இதைத் தாங்கும். ஹாலோ பிளாக்கிலும் ஏ.ஏ.சி. பிளாக்கிலும் பிளக் அடித்து மாட்டியது ஆறே மாதத்தில் ஆடத் தொடங்கும். அங்கே சுவரைத் துளைத்து மறுபுறம் தகடு வைத்து நட்டு முடுக்குவதே வழி. கூரைச் சட்டத்தில் தொங்கவிடுவது வசதியாகத் தெரியும். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையேறிய பிறகு, தகரக் கூரைகள் எப்படிப் போகின்றன என்பதை அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கூரை போகும்போது அதில் தொங்கிய ரீலும் போகும். நாலங்குல ஜி.ஐ. பைப்பைக் கான்கிரீட்டில் நட்டு அதில் மாட்டி, கூரையைத் தனியாகப் போடுவது நல்லது.

ரீலின் வாய் ஆறேழு அடி உயரத்தில் இருந்தால் ஓஸ் நேராக இறங்கும், தரையில் அரைபடுவதும் குறையும். வண்டி நிற்கும் பக்கம் திரும்பும் சுழல்தாங்கி கிடைத்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது வாங்கவேண்டும். பக்கவாட்டில் இழுபடும் ஓஸ்தான் வாயிலேயே தேய்ந்து அறுகிறது. ஜி.ஐ. பைப்பை நேராக ஸ்விவலில் முடுக்கக்கூடாது. இடையில் இரண்டு மூன்றடி வளையும் ஓஸ் வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு அதிர்வும் பித்தளை மரையில் போய் இறங்கும். நீளத்தைக் கூட்டும்போது உள்விட்டத்தையும் கூட்டவேண்டும். அழுத்த இழப்பு விட்டத்தின் ஐந்தாம் படிக்கு நேர்மாறாகப் போவதால், ஒரே அளவு காற்று ஓடும்போது 8 மில்லிமீட்டர் ஓஸில் இழப்பு 10 மில்லிமீட்டர் ஓஸைப்போல மூன்று மடங்கு.

ரீலுக்கு முன்னால் ஒரு பால் வால்வு வைத்து, கடை மூடும்போது அதை அடைத்து ஓஸில் இருக்கும் காற்றை விட்டுவிடவேண்டும். அழுத்தத்தில் இரவு முழுக்க நிற்கும் ரப்பர் வளையம் சப்பிப்போகும். ஒரு மில்லிமீட்டர் துளை விழுந்தாலே நொடிக்கு ஒரு லிட்டருக்கு மேல் காற்று போகும், ஆளில்லாத கடையில் கம்ப்ரஸர் விடிய விடிய ஓடும். வெடிப்பு விழுந்த ஓஸ் அழுத்தத்தில் அறுந்தால் சாட்டைபோல வீசும். முகத்தில் பட்டால் கண் போகும். ஓஸைச் சுருட்டும்போது பழந்துணியால் துடைத்துக்கொண்டே விடுவது இன்னொரு பழக்கம். இல்லையென்றால் ஒட்டிய மணல் உருளைக்குள் போய் உப்புத்தாளின் வேலையைச் செய்யும். ஓஸைப் பிடித்தபடி மெதுவாக விடவேண்டும், கைவிட்டுப் பாயவிடக்கூடாது. ஆள் நடமாட்டம் குறைந்த ஞாயிற்றுக்கிழமையில் குளவி ரீலின் வாயில் மண்கூடு கட்டியிருக்கும், எலி ஓஸைப் பதம் பார்த்திருக்கும். திங்கட்கிழமை முதல் இழுப்புக்கு முன் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

ஸ்பிரிங் பெட்டியை மட்டும் கடைப் பையனிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லக்கூடாது. ரீல் முழுவதும் சுருண்டிருக்கும்போதும் அதற்குள் முறுக்கு மிச்சமிருக்கும். மூடியைக் கழற்றியதும் பட்டை வெளியே பாய்ந்து விரலை அறுக்கும். அதைப் பழகிய ஆளிடம்தான் விடவேண்டும்.

ஸ்பிரிங் ரீல் எல்லா இடத்துக்கும் ஏற்றதென்று நான் சொல்லமாட்டேன். உள்நாட்டில், நிழலிருக்கும் தாழ்வாரத்தில் அது பல ஆண்டுகள் உழைக்கும். அலை தெறிக்கும் தூரத்துக்குள், வாரா வாரம் கழுவ ஆளில்லாத கடைக்கு, கையால் சுற்றும் உருளை போதும். அதில் முறிய ஸ்பிரிங் இல்லை, சிக்கக் கொக்கியும் இல்லை. மாமா அதையும் வாங்கவில்லை. பழைய லாரி ரிம் ஒன்றைத் துருவைச் சுரண்டி, சிவப்பு ஆக்சைடு அடித்து, தெற்குச் சுவரில் நாலு போல்ட் போட்டு மாட்டினார். ரிம்மின் வளைவு அகலமானதால் ஓஸ் அதில் இறுக்கமில்லாமல் படிந்து உட்காரும். சாயங்காலம் விளக்கேற்றுமுன் வால்வை அடைத்து, காற்றை விட்டு, துணியால் துடைத்தபடி ஓஸை அதில் சுற்றிவைப்பார். அந்த ஓஸ் அவர் கடையை விற்கும்வரை ஒரு வெடிப்பும் இல்லாமல் இருந்தது.